ஹேண்ட்ஓவர் கொடுக்காத படை

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு என் போன் அடிச்சது. அந்த வாரம் ஆன்-கால் நான்தான். எங்கள் பேமெண்ட் சர்வீஸ் சில கஸ்டமர்களிடம் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் எடுத்திருந்தது. காரணத்தைத் தேட ரொம்ப நேரம் ஆகலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய கோடில் நாலு வரியை நானேதான் நீக்கியிருந்தேன். எதுக்கும் உதவாத மாதிரி தெரிந்த ஒரு சரிபார்ப்பு. அதுக்கு மேலே ஒரே ஒரு கமெண்ட் இருந்தது: 'இதை எடுக்காதே.' ஏன் எடுக்கக்கூடாது என்று இல்லை. எழுதினவர் வேலையை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு. போகும்போது அவரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை.

பணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடலை. ஒருத்தர் மறக்கிறார் என்றால் புரியுது. ஒரு நிறுவனம் எப்படி மறக்குது? நூறு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தருக்குக்கூட ஒரு விஷயம் தெரியாமல் போறது எப்படி?

இதைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சு, கடைசியில் நான் போய் நின்ற இடம் பிரிட்டிஷ் ராணுவத்தின் இன்டெலிஜென்ஸ் கோர். தகவலைச் சேர்ப்பது, சரிபார்ப்பது, உரிய நேரத்தில் உரிய ஆளிடம் கொடுப்பது, இதுதான் அந்தப் படைப்பிரிவின் முழுநேர வேலை. அப்படிப்பட்ட படையே மறந்து போனால் என்ன ஆகும்? இன்றைக்கு அந்தக் கதைதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஜேம்ஸ் பாண்ட் இங்கே வரமாட்டார். அவர் வேற டிபார்ட்மெண்ட். ராணுவ உளவு என்பது பெரும்பாலும் மேசை வேலை. எதிரி எங்கே இருக்கான், எத்தனை பேர், எத்தனை நாளுக்குச் சாப்பாடு வெச்சிருக்கான், நாளைக்கு என்ன செய்வான். மேப், போட்டோ, பிடிபட்ட கடிதம், ஒட்டுக்கேட்ட ரேடியோ, கைதியின் வாய். இவ்வளவுதான் மூலப்பொருள்.

கட்டு, கலை, மறுபடி கட்டு

1808 முதல் 1814 வரை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியனின் படைகளோடு பிரிட்டன் மோதியது. அப்போது வெலிங்டனிடம் ஜார்ஜ் ஸ்கோவெல் என்று ஒரு அதிகாரி இருந்தார். வழிகாட்டிகள் படை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. பல மொழி பேசுகிறவர்கள், உள்ளூர்ப் பாதை தெரிந்தவர்கள். பிரெஞ்சுத் தூதர்களை மடக்கிப் பிடித்த கடிதங்கள் அவர் மேசைக்கு வரும். பிரெஞ்சுக்காரர்கள் அப்போது பயன்படுத்திய பெரிய சங்கேத முறையில் சுமார் 1400 எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு சொல்லுக்கோ அசைக்கோ எழுத்துக்கோ பதிலாக நிற்கும். கால்குலேட்டர்கூட இல்லாத காலத்தில் ஸ்கோவெல் அதை 1812ல் உடைத்தார். எதிரியின் கடிதங்களை வெலிங்டன் படிக்க ஆரம்பித்தார்.

போர் முடிஞ்சது. வழிகாட்டிகள் படையைக் கலைத்துவிட்டார்கள். செலவு மிச்சம்!

நாற்பது வருஷம் கழித்து, 1854ல், பிரிட்டன் ரஷ்யாவோடு சண்டை போட கிரிமியாவுக்குக் கிளம்பியது. போகிற ஊருக்கு ஒழுங்கான மேப் இல்லை. 1803லேயே ராணுவ அறிவுக் கிடங்கு என்று ஒன்றை லண்டனில் ஆரம்பித்திருந்தார்கள். அது தூசி படிந்து கிடந்தது. இந்த நேரத்தில் தாமஸ் பெஸ்ட் ஜெர்விஸ் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி வருகிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் பொறியாளர். பிறந்த ஊர் எது தெரியுமா? யாழ்ப்பாணம். அப்பா மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர்.

இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் பதவி இந்த ஜெர்விஸுக்கு ஒரு காலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அப்போது அந்த நாற்காலியில் இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கடுமையாக எதிர்த்து, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். ஜெர்விஸுக்கு அந்தப் பதவி கிடைக்கவே இல்லை. எவரெஸ்ட் பெயரை ஒரு மலைக்கு வைத்தார்கள். ஜெர்விஸ் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது. இந்த எவரெஸ்டைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

பெல்ஜியம் போயிருந்த ஜெர்விஸின் கையில் ரஷ்ய ராணுவமே தயாரித்த கிரிமியா மேப் ஒன்று சிக்கியது. ஓடிப்போய் அரசாங்கத்திடம் காட்டினார். வந்த பதில், 'உங்க சொந்தச் செலவில் அச்சடிச்சீங்கன்னா பிரதி வாங்கிக்கிறோம்.' அச்சடித்தார். களத்தில் இருந்தவர்களுக்கு அது உதவியது. அதன் பிறகுதான், 1855ல், நிலவரைபடம் மற்றும் புள்ளிவிவரக் கிடங்கு என்ற அலுவலகம் ஆரம்பமாகி, ஜெர்விஸ் அதன் தலைவரானார். பிரிட்டிஷ் ராணுவ உளவுத்துறை தன் மூதாதையரில் ஒருவராக இவரைச் சொல்லும். 1857ல் இறந்துவிட்டார்.

அடுத்த கலைப்பு இன்னும் சுவாரசியம். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும் அவசர அவசரமாக இன்டெலிஜென்ஸ் கோர் என்ற பெயரிலேயே ஒரு பிரிவு உருவானது. பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்த பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், வியாபாரிகள் என்று பலரையும் அள்ளிப்போட்டார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்தால் ரொம்ப நல்லது. பிற்காலத்தில் இந்தியாவின் வைஸ்ராய் ஆன ஆர்ச்சிபால்ட் வேவல் அந்த ஆண்டு கொஞ்ச காலம் இதை நடத்தினார். வானிலிருந்து எடுத்த போட்டோவைப் படிப்பது, கைதிகளை விசாரிப்பது, எதிரியின் ரேடியோவைக் கேட்பது எல்லாம் நாலே வருஷத்தில் தனித்தனிக் கலையாக வளர்ந்தன.

போர் முடிந்தது. கோர் ஜெர்மனியின் ரைன் பகுதியில், ஆக்கிரமிப்புப் படையோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே இருந்தது. 1929ல் அந்தப் படை வீடு திரும்பியதும் கோரையும் மூடிவிட்டார்கள்.

பத்து வருஷம்தான். 1939ல் அடுத்த உலகப் போர். களப் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர்கள் ராணுவ போலீஸின் பேட்ஜைக் கடன் வாங்கி அணிந்துகொண்டு பிரான்சுக்குப் போனார்கள். டன்கிர்க்கிலிருந்து தப்பித்து வந்து ஆறு வாரம் கழித்து, 1940 ஜூலை 19ல், இன்டெலிஜென்ஸ் கோர் மறுபடி பிறந்தது. இன்று அவர்கள் கொண்டாடும் கோர் தினம் இதுதான்.

நம்ம பாஷையில் சொன்னால், ஒரே புராடக்டை நாலு தடவை முதல்லேர்ந்து எழுதினாங்க. ஒவ்வொரு தடவையும் பழைய டீமைக் கலைச்சு, ரெப்போவை டெலிட் பண்ணிட்டு.

ஒரு ரோஜாவும் நிறைய கிண்டலும்

இந்த முறை அவர்கள் கலையவில்லை. புதுசாகப் பிறந்த படைக்கு முன்னூறு வருஷப் பாரம்பரியம் கிடையாது. பக்கத்துப் படைகளிடம் கிழிந்த போர்க்கொடிகள் இருந்தன, வாட்டர்லூ கதைகள் இருந்தன. இவர்களிடம் எதுவும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து உருவாக்கினார்கள்.

பேட்ஜில் நடுவே ஒரு ரோஜா. அதன் இரு பக்கமும் லாரல் இலைகள், மேலே கிரீடம். ரோஜா ஏன்? ஐரோப்பாவில் பழைய நாட்களிலிருந்தே ரோஜா ரகசியத்தின் அடையாளம். கூரையில் ரோஜா தொங்கினால், அதன் கீழே பேசியது வெளியே போகாது என்று அர்த்தம். லாரல் வெற்றிக்கு. நம்ம ஊர்ல வெற்றிக்கு வாகைப் பூ சூடின மாதிரி.

மற்ற படைகள் சும்மா விடுமா? அந்த ரோஜாவைப் பான்சிப் பூ என்று சொல்லிச் சிரித்தார்கள். இங்கிலீஷில் பான்சி என்றால் ஒரு பூ, அதோடு 'ஆம்பளைத்தனம் இல்லாதவன்' என்ற மட்டமான வசவும்கூட. 'பழைய லாரல் மேல சாய்ஞ்சு தூங்குற பான்சி' என்பது அந்த பேட்ஜுக்கு ராணுவம் வைத்த விளக்கம். துப்பாக்கியோடு சேற்றில் கிடப்பவன், ஃபைலோடு கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துச் சொல்வது. டெவலப்பரும் டெஸ்டரும் ஒருத்தரை ஒருத்தர் ஓட்டுவாங்களே, அதே வகை.

தொப்பி சைப்ரஸ் மரத்தின் பச்சை நிறத்தில் ஒரு பெரட். இதற்கும் பட்டப்பெயர் உண்டு: 'கிரீன் ஸ்லைம்', அதாவது பச்சைக் கொழகொழ. காலப்போக்கில் கோர்க்காரர்களே அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். அணிவகுப்பு இசையின் பெயர் 'ரோஜாவும் லாரலும்'. அவர்களுடைய இதழின் பெயரும் அதேதான். லத்தீனில் ஒரு குறிக்கோள் வாசகம் உண்டு. அறிவுதான் கைக்கு வலு கொடுக்கிறது என்பது பொருள். அடிக்கிற கை வேறு ஒருத்தனுடையது, எங்கே அடிக்கணும் என்று சொல்பவர்கள் நாங்கள் என்கிற பணிவும் பெருமையும் அதில் சேர்ந்தே இருக்கு.

இவ்வளவும் தேவையா என்று கேட்டால், வேறு படைகளைவிட இவர்களுக்குத்தான் அதிகம் தேவை என்பேன். காலாட்படைக்காரன் வீட்டுக்குப் போய்த் தன் கதையைச் சொல்லலாம், மெடலைக் காட்டலாம். இவர்கள் என்ன செய்தோம் என்று மனைவியிடம்கூடச் சொல்ல முடியாது. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தை முடிக்கிற இடமே இதுதான்: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் ரகசியத்தை நீயே வெளியே விட்ட மாதிரி. சரி, ஊரறிய மரியாதை கிடைக்காதவனை எது பிடித்துவைக்கும்? ஒரு பூ, ஒரு தொப்பி, ஒரு பாட்டு, வருஷத்துக்கு ஒரு நாள். வேலையைப் பற்றிப் பேச முடியாதவர்கள் வேலையைச் சுற்றி இருப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இன்று கோரின் வீடு பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள சிக்சாண்ட்ஸ். 1997லிருந்து அங்கே இருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் துறவிகளும் கன்னியர்களும் தனித்தனியே வாழ்ந்த மடம் அது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த டோரதி ஆஸ்போர்ன் என்ற பெண், குடும்பத்துக்குப் பிடிக்காத காதலன் வில்லியம் டெம்பிளுக்கு எழுதிய கடிதங்கள் இங்கிலீஷ் இலக்கியத்தில் புகழ்பெற்றவை. இரண்டாம் உலகப் போரில் அதே இடம் ஜெர்மன் ரேடியோவை ஒட்டுக்கேட்டு பிளெட்ச்லி பார்க்குக்கு அனுப்பும் நிலையமாக இருந்தது. ரகசியக் கடிதம் அந்த இடத்துக்குப் புதுசு இல்லை.

கல்யாணத்துக்கு என்ஓசி

அன்றாட வேலை எப்படி இருந்தது? நார்மன் லூயிஸ் என்ற எழுத்தாளர் இந்தக் கோரில் சார்ஜென்ட். 1943 செப்டம்பரில் இத்தாலியில் இறங்கிய 312ஆம் களப் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். நேபிள்ஸில் கழித்த நாட்களைப் பிறகு 1978ல் புத்தகமாக வெளியிட்டார்.

எதிரி உளவாளிகளைப் பிடிக்கத்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஊரே பட்டினி. அவருக்கு விழுந்த வேலைகளில் ஒன்று, பிரிட்டிஷ் சிப்பாய்கள் கட்டிக்கொள்ள விரும்பிய இத்தாலியப் பெண்களின் வீட்டுக்குப் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதுவது. அதாவது கல்யாணத்துக்கு என்ஓசி. வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது, வருமானம் எங்கிருந்து வருகிறது. பசியில் இருக்கும் ஊரில் இந்தக் கேள்விகளைக் கேட்கும் ஆளுக்கே எவ்வளவு கூச்சம் வரும் என்று யோசிச்சுப் பாருங்க. தகவல் சேகரிப்பவன் கையில் ஒரு குடும்பத்தின் விதி இருக்கும். அவன் எழுதும் ஒரு வரி ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிடும்.

டெல்லியில் ஒரு மலை

இப்போ நம்ம ஊர்ப்பக்கம் வருவோம். ஜப்பான் 1941 டிசம்பரில் போரில் இறங்கியபோது, ஜப்பானிய மொழி தெரிந்த ஆட்கள் பிரிட்டனிடம் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். பிளெட்ச்லி பார்க்கின் ஜான் டில்ட்மேன் ஒரு விபரீதமான யோசனை சொன்னார். லத்தீன், கிரேக்கம் படித்த மாணவர்களைப் பிடித்து ஆறே மாதத்தில் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்கலாம். மொழி வல்லுநர்கள் அதற்கு வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆனாலும் 1942 பிப்ரவரியில் பெட்ஃபோர்ட் ஊரில் வகுப்பு தொடங்கியது. வாத்தியார் ஆஸ்வால்ட் டக், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. பேசக் கற்றுத்தரவில்லை, சங்கேதச் செய்தியைப் படிக்க மட்டும். பூட்கேம்ப் என்ற வார்த்தைக்கு எண்பது வருஷத்துக்கு முந்தைய உதாரணம். அது வேலை செய்தது.

அதில் தேறியவர்களில் சிலர் வந்து சேர்ந்த இடம் டெல்லி. ஊருக்கு வெளியே ஆனந்த் பர்பத் என்ற குன்று. அங்கே ராம்ஜஸ் கல்லூரிக் கட்டடத்தில் வயர்லெஸ் எக்ஸ்பெரிமெண்டல் சென்டர் என்று ஒன்று இயங்கியது. பெயர்தான் பரிசோதனை நிலையம். உள்ளே நடந்தது ஜப்பானிய ராணுவச் சங்கேதங்களை உடைப்பது. இன்டெலிஜென்ஸ் கோர் ஆட்கள், இந்தியப் படையினர், விமானப் படையினர் எல்லோரும் ஒன்றாக வேலை செய்தார்கள். இந்தியாவுக்கென்று தனியாக ஒரு இன்டெலிஜென்ஸ் கோர் 1942ல் உருவானது. இன்றைய இந்திய ராணுவத்தின் உளவுப் படைப்பிரிவு அதன் வாரிசு. அதன் பயிற்சிப் பள்ளி இப்போது புனேயில் இருக்கு.

ஆனந்த் பர்பத்தில் இருவரை அறிமுகப்படுத்தணும். ஒருவர் மாரிஸ் ஆலன், ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர். இன்னொருவர் வில்ஃப்ரிட் நாய்ஸ், மலையேறுபவர், கவிஞர், வயது இருபத்தைந்து. அவர்கள் முன் இருந்தது ஜப்பானிய ராணுவத்தின் கப்பல் போக்குவரத்துச் சங்கேதம். செய்தியின் தொடக்கத்தில் வரும் எண்ணை வைத்து அதற்கு 2468 என்று பெயர். எல்லாம் நாலு இலக்க எண் கூட்டங்கள். நல்ல சங்கேதத்தில் எந்த எண்ணும் எங்கேயும் சம வாய்ப்போடு வரணும். ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் மூன்றாவது கூட்டத்தின் முதல் இலக்கம் மட்டும் அப்படி வரவில்லை. எங்கோ ஒரு ஒழுங்கு எட்டிப்பார்த்தது. டேட்டா பார்க்கிறவங்களுக்கு இந்தச் சிலிர்ப்பு புரியும். அந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்து, 1943 ஏப்ரலில் உள்ளே நுழைந்தார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்த குழுவும் உடைத்தது.

ஜப்பானின் போர் முழுக்கக் கடல் வழியே நடந்த போர். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது கிளம்புகிறது என்று தெரிந்தால், அதன் வழியில் நீர்மூழ்கிக் கப்பல் காத்திருக்கும்.

இங்கே கொஞ்சம் நிக்கணும். ஜப்பானியக் கப்பல்களில் ஆயுதமும் சிப்பாய்களும் மட்டும் போகவில்லை. போர்க்கைதிகளும், கட்டாய வேலைக்குப் பிடித்த ஆசியத் தொழிலாளர்களும் அடித்தளத்தில் அடைபட்டுப் போனார்கள். 1944 செப்டம்பர் 18ல் சுமத்ராவுக்கு அருகே ஜுன்யோ மாரு என்ற கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. உள்ளே இருந்த கைதிகளும் ஜாவாத் தொழிலாளர்களுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுட்டவர்களுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஒரு தகவல் கப்பல் எங்கே என்று சொல்லும். அதற்குள் யார் என்று சொல்லாது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மனதில் சுமக்க வேண்டிய எடை அது.

நாய்ஸுக்கு வருவோம். போருக்குப் பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார். 1953ல் எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம் கிடைத்தது. ஆமாம், அதே எவரெஸ்ட். மே 21 அன்று அன்னுல்லு என்ற ஷெர்பாவோடு தெற்கு கோல் என்ற கணவாயை எட்டினார். அந்தக் குழுவில் அதை முதலில் தொட்டவர்கள் இந்த இருவர்தான். எட்டு நாள் கழித்து ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றார்கள். 1962ல் பாமீர் மலையில் விழுந்து நாய்ஸ் இறந்தார். போர்க்காலச் சங்கேத உடைப்பு பற்றி வெளியே பேசவே 1974 வரை அனுமதி இல்லை. அதனால் செத்தபோது உலகத்துக்கு அவர் ஒரு மலையேறுபவர், எழுத்தாளர், அவ்வளவுதான். அதே டெல்லிக் குன்றில் வேலை பார்த்த ஆலன் ஸ்ட்ரிப் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதியது 1989ல். உடன் வேலை செய்த இந்தியர்களின் கதைகள் அந்த அளவுக்கு அச்சில் ஏறவே இல்லை.

எழுதாமலே கைமாறியது

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல விஷயம் மறந்துபோன கதை. இப்போ எதிர்ப்பக்கம். எழுதப்படாத கெட்ட விஷயம் எப்படி உயிரோடு இருக்குது என்ற கதை.

1971 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் விசாரணை இல்லாமல் ஆட்களைச் சிறைவைக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் பதினாலு பேரைத் தனியாகப் பிரித்து ஐந்து முறைகளால் விசாரித்தார்கள். சுவரில் கையை ஊன்றி மணிக்கணக்கில் நிற்கவைப்பது, தலையில் பையை மாட்டுவது, விடாத இரைச்சல், தூங்கவிடாமை, சாப்பாடும் தண்ணீரும் குறைப்பது. விசாரித்தது வட அயர்லாந்துப் போலீஸ். கற்றுக்கொடுத்தது யார்? ராணுவத்தின் உளவுப் பயிற்சி மையம். 1966 முதல் 1997 வரை கோரின் வீடாக இருந்த ஆஷ்போர்டில்தான் அந்த மையமும் இருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பில் ஒரு குறிப்பு என்னை உலுக்கியது. இந்த முறைகள் எந்த உத்தரவிலும் எழுத்தில் இல்லை. 1971 ஏப்ரலில் ஒரு கருத்தரங்கில் வாய்மொழியாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டன.

ஒரு டாக்குமெண்ட்கூட இல்லாமல் கச்சிதமான ஹேண்ட்ஓவர்.

விஷயம் வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. 1972 மார்ச்சில் பிரதமர் எட்வர்ட் ஹீத் நாடாளுமன்றத்தில் எழுந்து, இனி இந்த ஐந்து முறைகள் பயன்படுத்தப்படாது என்று அறிவித்தார். 1978ல் நீதிமன்றம் இவற்றை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்ப்பளித்தது. தடை வந்தாச்சு. கதை முடிஞ்சது என்றுதானே நினைப்போம்?

2003 செப்டம்பர், ஈராக்கில் பாஸ்ரா. பஹா மூசா என்பவர் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்ட். வயது 26, இரண்டு குழந்தைகளின் அப்பா. பிரிட்டிஷ் ராணுவம் அவரையும் வேறு சிலரையும் பிடித்துப் போனது. தலையில் பை. வலிக்கும் நிலையில் மணிக்கணக்கில் நிற்கவைத்தல். கூடவே அடி. செப்டம்பர் 15 அன்று காவலிலேயே இறந்தார். உடம்பில் 93 காயங்கள்.

இதைச் செய்தவர்கள் ஒரு காலாட்படைப் பட்டாலியனின் காவலில் இருந்தவர்கள், இன்டெலிஜென்ஸ் கோர் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லணும். ஆனால் வில்லியம் கேஜ் தலைமையில் நடந்த பொது விசாரணை 2011ல் வெளியிட்ட அறிக்கை ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது. 1972ல் பிரதமரே தடை செய்த விஷயம் 2003ல் எப்படி மறுபடி நடந்தது? அவர்கள் கண்டறிந்தது, அந்தத் தடை பற்றிய அறிவு இடைப்பட்ட வருஷங்களில் பாதுகாப்பு அமைச்சகத்திலும் ராணுவத்திலும் பெரும்பாலும் தொலைந்துபோயிருந்தது. போருக்குப் போன படையிடம் கைதிகளை விசாரிப்பது பற்றித் தெளிவான வழிகாட்டல் இல்லை. இது நிறுவனத்தின் தோல்வி என்று எழுதினார்கள்.

யோசிச்சுப் பாருங்க. தடை செய்யப்பட்ட பழக்கம் எழுதப்படாமலே முப்பது வருஷம் தாண்டி வந்தது. அதைத் தடை செய்தது நாடாளுமன்றப் பதிவிலேயே இருந்தது. அது தொலைந்துபோனது.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவதைச் சொல்றேன். ஒரு பழக்கம் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றும். பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். 'செய்யாதே' என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, ஏன்னா அங்கே பார்க்க ஒண்ணும் நடக்காது. அதற்குக் காரணமும் கதையும் கூடவே வரணும். 'இதை எடுக்காதே' என்று மட்டும் எழுதி, ஏன் என்று எழுதாமல் விட்டால், ஒருநாள் நல்ல எண்ணத்தோடு ஒருத்தன் வந்து எடுத்துடுவான். என் கோடில் போனது கொஞ்சம் பணம், திருப்பிக் கொடுத்துட்டோம். பாஸ்ராவில் போனதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதனால்தான் பேட்ஜ், பெரட், பாட்டு இதையெல்லாம் நான் கிண்டல் பண்ண மாட்டேன். அவை இருந்ததால்தான் 1940ல் பிறந்த கோர் 1945க்குப் பிறகு கலையவில்லை என்று சொன்னால் மிகை. பனிப்போர் அதை உயிரோடு வைத்தது. ஆனால் ஒரு அடையாளம் இருந்ததால் அறிவு குடியிருக்க ஒரு வீடு கிடைத்தது. 1985ல் பின்னணிச் சேவை என்ற இடத்திலிருந்து போர்ப்பிரிவு என்ற அந்தஸ்துக்கும் உயர்ந்தது. சிக்சாண்ட்ஸில் ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஒரு பாரம்பரியத்தை வெற்றிகளை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பது என் கட்சி. ஸ்கோவெலின் 1400 எண்களும் நாய்ஸ் பிடித்த ஒற்றை இலக்கமும் அந்த வீட்டில் இருக்கணும். பஹா மூசாவின் பெயரும் இருக்கணும். புதுசாகச் சேரும் பையனுக்கோ பொண்ணுக்கோ ரோஜாவின் அர்த்தத்தைச் சொல்லும் அதே நாளில் 1971ஐயும் சொல்லணும்.

நான் என்ன செய்தேன்? அந்த நாலு வரியைத் திரும்பப் போட்டேன். வேலையை விட்டுப் போன அந்த அண்ணனை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடிச்சேன். இருபது நிமிஷம் பேசினார். ஒரு பேங்க் சில சமயம் 'பணம் போகலை' என்று தப்பாகப் பதில் அனுப்பும், அதை நம்பி மறுபடி முயற்சித்தால் இரண்டு தடவை பணம் எடுத்துடும், அதுக்காகத்தான் அந்தச் சரிபார்ப்பு என்றார். 'இதை நான் எழுதி வெச்சிருக்கணும்டா, சாரி' என்றார். 'நாங்க கேட்டிருக்கணும்ணா' என்றேன். இப்போது அந்தக் கமெண்ட் ஒன்பது வரி. கடைசி வரியில் நான் எடுத்த தேதியும், என்ன ஆச்சு என்பதும், என் பெயரும் இருக்கு.

உங்கள் டீமிலும் வீட்டிலும் இப்படி ஒரு 'எடுக்காதே' இருக்கும். சொன்னவர் இன்னும் இருக்கார் என்றால், இந்த வாரமே போய் ஏன் என்று கேளுங்க. கேட்டு வந்த கதையை எங்களுக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.